மூடிய குப்பிக்குள் கீறல்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். ரசாயன நெடியிலேயே தலை நரைத்தவளுக்கு வேறு புகை எதற்கு? நீங்களும் நம்ப வேண்டாம், கேட்டுக்கொண்டால் போதும்.

எலெக்ட்ரானிக் சிட்டிக்கு அப்பால் எங்கள் ஆய்வகம். மருந்துக்கான புதுச் சேர்மங்களை முன்பெல்லாம் கையால் செய்தோம், பிறகு கண்ணாடிக் கூண்டுக்குள் ஓர் இயந்திரக் கை வந்தது, அது கலக்கும், சூடாக்கும், குளிரவைக்கும், அலுக்காது. அலுப்பெல்லாம் எங்களுக்கு. ஒவ்வொரு மேசையாக எடுத்தார்கள், கடைசியில் என்னுடையது மட்டும் மிச்சம்.

ஒரே ஒரு சேர்மம் அதற்குப் பணியவில்லை. படிகமாக வேண்டியது தேன்போலப் பிசுபிசுத்துக் கிடந்தது. இப்படி அடம்பிடித்தால் நாங்கள் கண்ணாடிக் குச்சியால் குப்பியின் உள்சுவரைக் கீறுவோம், கீறலைப் பற்றிக்கொண்டு படிகம் வளரும். அதில் கைராசி என்றால் பிரேசர் டவுன் ஸ்டெல்லா அக்காதான். இடது கைப் பழக்கம். "வாடா கண்ணு, எவ்ளோ நேரம் நிக்கவெப்ப" என்று குப்பியோடு பேசிக்கொண்டே கீறுவார். அவர் மேசையை எடுத்த வருஷமே போய்ச் சேர்ந்துவிட்டார்.

அன்று சாயங்காலத்துக்குள் நான் கையால் அதைப் படிகமாக்கிக் காட்டினால் என் மேசை தங்கும் என்று மேலாளர் சொல்லியிருந்தார்.

மதியம், எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். கரண்ட் போய் வந்ததில் இயந்திரம் அப்படியே நின்றுவிட்டது. குச்சியை எடுத்துக்கொண்டு திரும்புகிறேன், கூண்டுக்குள்ளிருந்து அந்தச் சத்தம். கண்ணாடியைக் கண்ணாடி கீறுகிற, பல் கூசுகிற சத்தம், விட்டு விட்டு, நடுவில் பேச இடம் விட்டதுபோல. இயந்திரக் கை அசையவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். அடம்பிடித்த சேர்மம் இருந்த, இறுக மூடிய குப்பிக்குள் வெள்ளைப் படிகம் மெல்லப் பூத்தது, நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

இயந்திரத்தைக் கவனிக்கும் மஞ்சுநாத் வந்ததும் சொன்னேன். "சும்னிரி மேடம், சும்மா இருங்க, பேய்க்கெல்லாம் ஐடி கார்டு யாரு குடுத்தாங்க" என்று சிரித்தான். பிறகு குப்பியை இறுக்கியிருந்த அலுமினிய மூடியைக் குறடால் பிய்த்தெடுக்க வேண்டியிருந்தது. அதுவரை அதை யாரும் திறந்திருக்கவில்லை என்று அவனுக்கும் தெரிந்தது. அப்புறம் அவன் சிரிக்கவில்லை.

மேலாளருக்குத்தான் சந்தோஷம். "பாத்தீங்களா, மெஷினே பண்ணிடுச்சு" என்றார். அந்த வாரமே என் மேசையும் போயிற்று. இப்போது திரையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன், கண் எரிகிறது, சாயங்காலம் கம்பெனி வண்டியில் ஜீவனஹள்ளிக்குத் திரும்புகிறேன். அக்கா எனக்கு உதவத்தான் வந்தாரோ, வேலையை விட மனமில்லாமல் வந்தாரோ, தெரியவில்லை.

அந்தக் குப்பி காலியாக என் வீட்டு ஜன்னலில் இருக்கிறது. வெயில் பட்டால் உள்சுவரில் கீறல்கள் மினுங்கும். அதே அளவுக் குப்பி ஒன்றை நானும் கீறிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். என் வலது கைக் கீறல்கள் ஒரு பக்கம் சாய்ந்திருக்கின்றன. அந்தக் குப்பியில் இருப்பவை மறுபக்கம்.