மெல்லப் போ

எங்கள் மகள் பனிச்சறுக்குப் பந்தயத்தில் முதன்முறை இறங்கிய காலை, ரொறன்ரோவின் வானம் வெளிறித் தாழ்ந்து கிடந்தது. நகரின் வடக்கே இருந்த அந்தச் சிறிய குன்றின் வேலியோரம் மற்றப் பெற்றோர் நின்று, "கோ, கோ!" என்று தங்கள் பிள்ளைகளை வேகப்படுத்திக்கொண்டிருந்தார்கள். பாதையில் நட்டிருந்த கம்பங்களுக்கிடையே வளைந்து வளைந்து அவள் வேகமெடுத்தபோது, என் கணவர் தம்மை மறந்து கத்தினார்: "மெல்ல, பிள்ளை! மெல்லப் போ!"

உறைந்த நடைபாதையில் அவள் பள்ளிக்குப் புறப்படும் ஒவ்வொரு காலையும் அவர் சொல்லும் சொல் அது. அதற்குப் பழகிய அவளுடைய கால்கள் தாமாகவே தயங்கின. ஒரு கம்பத்தைத் தவறவிட்டாள். தவறவிட்டால் அந்த ஓட்டம் கணக்கில் வராது.

வோபர்னில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பும் வழியில், பின்னிருக்கையிலிருந்து கேட்டாள்: "அப்பா, ரேஸுக்கு வந்து ஆராவது ஸ்லோவாப் போ எண்டு கத்துவினமோ?"

"விழுந்திடுவாய் எண்டு பயந்திட்டன், பிள்ளை."

"விழுந்தா எழும்புவன். நீங்கள் இனி வராதேங்கோ. பிளீஸ்."

அவர் காரின் வேகத்தை இன்னும் குறைத்தார்.

அடுத்த பந்தயத்துக்கும் அவர்தான் எங்களை ஏற்றி வந்தார். ஆனால் காரை விட்டு இறங்கவில்லை. சறுக்குப் பலகைகளைத் தோளில் சாய்த்தபடி அவள், "போட்டு வாறன், அப்பா" என்றாள். வழக்கமான சொல்லுக்காகத் திறந்த அவருடைய வாய், சொல்லாமலே மூடிக்கொண்டது. தலையை மட்டும் அசைத்தார்.

அன்று அவள் எல்லாக் கம்பங்களையும் கடந்து வந்தாள். நான் மகிழ்ச்சியோடு திரும்பிப் பார்த்தேன். காரின் கண்ணாடிகளில் மூச்சாவி படிந்திருந்தது. அவர் பார்த்தாரா என்பது தெரியவில்லை.