எட்டாம் எண் மாத்திரை

நம்பினால் நம்புங்கள், இது நடந்தது. ராத்திரியில் அல்ல, சுடுகாட்டில் அல்ல. பட்டப்பகலில், டியூப்லைட் வெளிச்சத்தில்.

நடந்தது என் மூத்த நாத்தனாருக்கு. பேய்ப் படம் போட்டால் குறட்டை விட்டுத் தூங்குகிறவர் அவர். விளையாட்டு வீரர்களின் உடல் சூட்டை ஆராயும் கூடம் ஒன்றில் ஏழு மாதமாக வேலை பார்த்துவந்தார். அங்கே ஜன்னலே இல்லாத ஓர் அறை. உள்ளே எப்போதும் நாற்பது டிகிரி சூடு. அந்தச் சூட்டில் டிரெட்மில்லில் ஆளை ஓடவிட்டு, உடம்பு எதுவரை தாங்கும் என்று பார்ப்பார்கள். ஓடுகிறவர் அன்று காலையிலேயே ஒரு மாத்திரையை விழுங்கிவிட வேண்டும். மருந்து அல்ல, குட்டித் தெர்மாமீட்டர். வயிற்றுக்குள் இருந்தபடியே சூட்டை அனுப்பிக்கொண்டிருக்கும். நாத்தனார் கையிலுள்ள கருவியில் அது தெரியும். ஒன்று மட்டும் முக்கியம். மாத்திரை கருவிக்கு இரண்டடிக்குள் இருக்க வேண்டும். தள்ளிப் போனால் காட்டாது.

அன்று ஓடியவள் ஒரு கல்லூரிப் பெண். ‘குதிரை’ என்றால்தான் அங்கே எல்லோருக்கும் தெரியும். அவள் விழுங்கியது முப்பத்தொன்றாம் எண் மாத்திரை. நாத்தனார் கண்ணெதிரேதான் விழுங்கினாள். கூடத்தின் தலைவரை எல்லோரும் ‘சார்’ என்பார்கள். சிடுமூஞ்சி. உடல் சூடு முப்பத்தொன்பதரையைத் தாண்டாமல் ஓட்டத்தை நிறுத்தினால் மறுநாள் வேலை இருக்காது. அவர் வெளியே கணினி முன்னால் உட்கார்ந்திருந்தார். உள்ளே குதிரையும் நாத்தனாரும் மட்டும்.

மதியம் 2.10. ஓட்டம் தொடங்கியது.

2.26. கருவியில் புதிதாக ஒரு வரி முளைத்தது.

எண் 08. சூடு 40.3.

யாரோ ஒரு மாத்திரையை அறையிலேயே போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நாத்தனார் நினைத்தார். மேஜை மேலே, கீழே, எங்கும் தேடினார். இல்லை. அதற்குள் 41.0. அறையே நாற்பதுதான். அதைவிடச் சூடாக அங்கே என்ன இருக்கும்?

கருவியோடு கதவுப் பக்கம் போனார். தூரமாகிவிட்டதால் 31 மறைந்தது. 08 மறையவில்லை.

அப்படியென்றால் அது... அவர் பக்கத்திலேயே...

இன்டர்காமில் சாரைக் கூப்பிட்டார். மெஷின் கோளாறு, போய் உங்கள் வேலையைப் பாருங்கள் என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.

2.31. குதிரையிடம் திரும்பி வந்தார். 41.6.

“அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்களேன். பிடரியில மூச்சு விடுறீங்க. சுடுது.”

நாத்தனார் நின்றது அவளுக்கு எதிரே.



க்ளிக். டிரெட்மில்லின் வேகம் பத்திலிருந்து பன்னிரண்டு. யாரும் தொடவில்லை.

க்ளிக். பதினான்கு.

நிறுத்தும் பொத்தானை அழுத்தினார். மறுபடி அழுத்தினார். நிற்கவில்லை. குதிரையின் கண் செருகத் தொடங்கியது. அவள் சூடு 40.1. எட்டாம் எண் 42.4.

ஹஹ்... ஹஹ்... ஹஹ்...

ஓடுகிற ஆளின் மூச்சு. ஆண் மூச்சு.

பாய்ந்துபோய்ச் சுவரிலிருந்து வயரைப் பிடுங்கினார். மெஷின் நின்றது.

மூச்சு நிற்கவில்லை.

சுருண்டு விழுந்த பெண்ணை இழுத்துக்கொண்டு கதவுக்கு ஓடினார். கைப்பிடி பழுக்கக் காய்ந்திருந்தது. உள்ளங்கை வெந்தது. திறந்தார்.

பின்னால்...

தட். தட். தட். தட்.

வயர் தரையில் கிடக்க, டிரெட்மில் ஓடிக்கொண்டிருந்தது.

ஐஸ் தொட்டியில் அமுக்கி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், குதிரையின் உயிரை எப்படியோ பிடித்து நிறுத்திவிட்டார்கள். அன்று சாயங்காலம் அவள் வயிற்றை எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தை விளக்கில் பிடித்த டாக்டர், எத்தனை மாத்திரை கொடுத்தீர்கள் என்று நாத்தனாரிடம் கேட்டார். ஒன்று என்றார் நாத்தனார். டாக்டர் படத்தை அவரிடம் நீட்டினார்.

உள்ளே இரண்டு இருந்தன.

மூன்றாம் நாள் இரண்டும் வெளியே வந்தன. நர்ஸ் கழுவி ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார். ஒன்றில் 31. இன்னொன்றில் 08.

நாத்தனார் கவரை சாரின் மேஜையில் வைத்தார். எண்ணைப் பார்த்ததும் முகம் வெளிறி, அவரே நடந்ததைச் சொன்னார். ஐந்து வருடத்துக்கு முன்னால் அதே அறையில் ஒரு பையன் ஓடினானாம். போதும் சார் என்று மூன்று முறை கேட்டானாம். இவர் நிறுத்த விடவில்லை. அங்கேயே விழுந்து செத்தானாம்.

அவன் விழுங்கியதா இது, எங்கே எடுத்து வைத்திருந்தீர்கள் என்று நாத்தனார் கேட்டார்.

சார் கவரை மேஜை ஓரத்துக்குத் தள்ளினார்.

“அதை யாரும் வெளியில எடுக்கல. அவனைப் புதைக்கும்போது அது அவன் வயித்துலதான் இருந்துச்சு.”