தரைக்குப் போய் எழும்புவது

அதிகாலை சுபுஹு தொழுகையில் ஸஜ்தாவுக்கு (நெற்றி தரையில் படப் பணிவது) போன நான் எழும்பவில்லை. முதுகின் நடுவில் ஆணி வைத்து அடித்த மாதிரி ஒரு வலி. சத்தம் போடக்கூட மூச்சு வரவில்லை. கடைக்குக் கிளம்பிய என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். நான் அல்லாஹ்விடம் அழுது துஆ கேட்கிறேன் என்று நினைத்து, மெதுவாகக் கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார். நல்ல மனுஷர், என்ன சொல்ல.

எங்களுக்கு மலேசியாவின் கோலா கெடாவில், படகுத்துறைக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை. முதல் நாள் வெங்காய மூட்டையைக் குனிந்து இழுத்திருந்தேன். எப்படியோ எழுந்து, அதனால் வந்த பிடிப்பு என்று தைலம் தேய்த்துக்கொண்டு திரிந்தேன். வலி அடங்காமல், கடைசியில் மகள் என்னைக் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

இதைப் படிக்கும் பெண்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மாதவிடாய் நின்றபோது நான் கவலைப்படவில்லை, சந்தோஷப்பட்டேன். எங்களில் மாதவிலக்கு நாட்களில் தொழுகையும் இல்லை, நோன்பும் இல்லை. விட்ட நோன்பைப் பிறகு தனியாகப் பிடித்து அடைக்க வேண்டும். அந்தத் தொல்லை தீர்ந்தது, இனி ரமலான் முழுவதும் எனக்கே என்று மகளிடம் பீற்றிக்கொண்டேன். உடம்பு உள்ளுக்குள்ளே வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது எனக்கு எப்படித் தெரியும்?

படமெடுத்துப் பார்த்ததில் முதுகெலும்பில் ஒரு கட்டை நசுங்கியிருந்தது. பிறகு எலும்பு அடர்த்திச் சோதனை. எலும்பு மெலிவு நோய் (வெளியே முழுசாகத் தெரிந்தாலும் உள்ளே எலும்பு சல்லடையாகிப் போவது) என்றார் டாக்டர். அவர் செமிலிங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த பிள்ளை, என் மகள் வயசுதான் இருக்கும். மாதவிடாய் நின்றதும் எலும்பைக் காக்கும் சுரப்பு குறைந்துவிடும், அதன் பிறகு பல பெண்களுக்கு இப்படி நடக்கிறது என்று பொறுமையாக விளக்கினார். எனக்குத்தான் பொறுமை இல்லை. நாள் முழுக்கக் கடையில் நிற்கிறேன், ஐந்து வேளை குனிந்து நிமிர்கிறேன், இதற்கு மேல் என்ன உடற்பயிற்சி என்று வாதாடினேன்.

“நிக்கிறது வேலை, ஆன்ட்டி. எலும்புக்கு அது மட்டும் பத்தாது லா,” என்றார்.

முதுகை வளைத்துக் குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, விழக் கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். அப்புறம், ஸஜ்தா செய்யலாமா என்று கேட்டேன். டாக்டர் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தார். “இப்போ வேணாம், ஆன்ட்டி. எலும்பு ஆறட்டும். நாற்காலியில தொழுங்க.” மறுபடி எப்போதாவது முடியுமா என்றதற்கு, பார்க்கலாம் என்றார். வீடு வரும் வரை அந்த ‘பார்க்கலாம்’ என்னை விடவில்லை.

முடியாதவர்கள் நாற்காலியில் தொழலாம் என்று மார்க்கம் தாராளமாக அனுமதிக்கிறது. என் மாமியாருக்கு அதை எடுத்துச் சொன்னதே நான்தான். ஊருக்குச் சொல்வது சுலபம். எனக்கென்று வந்தபோது, நெற்றி காற்றில் நின்றது, நான் அழுதேன். சூராவில் (பக்கத்துச் சின்னத் தொழுகை இடம்) பெண்கள் வரிசையின் ஓரத்தில் நாற்காலி போட வெட்கப்பட்டு, தொழப் போவதையே நிறுத்தினேன்.

சும்மா இருந்திருக்கலாம். சீக்கிரம் குணமாக வேண்டுமே என்ற அவசரத்தில், சுங்கை பட்டாணியிலிருந்து மதினி அனுப்பிய வீடியோவைப் பார்த்துக் குனிந்து கால் விரலைத் தொட ஆரம்பித்தேன். கோழி கொத்துகிற மாதிரி. மறுபடி படுக்கையில் விழுந்தேன். எலும்பு மெலிந்தவர்களே, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

பிறகுதான் என்னை இயன்முறை சிகிச்சையாளரிடம் (பயிற்சி வழியாக உடம்பைத் தேற்றுபவர்) அனுப்பினார்கள். பரீதா என்ற மலாய்ப் பெண். வீடியோ கதையைக் கேட்டதும் என்னைத் திட்டவில்லை, சிரித்தார். உங்களுக்கு என்ன வேண்டும், மக்சிக் (மலாயில் ஆன்ட்டி) என்று கேட்டார். ஸஜ்தா என்றேன். அவரும் தொழுகிறவர், வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

தொடங்கியது நாற்காலியில்தான். கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது. கடையின் கல்லா மேசையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்குவது. சுவரில் கை வைத்துத் தள்ளுவது. மூச்சை அடக்கக் கூடாது என்பதை மட்டும் ஓயாமல் சொல்வார். சாயங்காலம் படகுத்துறை வரை நடந்தேன். முதலில் பாதி வழியிலேயே இளைத்தது, பிறகு லங்காவி தீவுக்குப் போகும் கப்பல் கிளம்புவதைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். வாரம் ஒரு மாத்திரை, வெறும் வயிற்றில் நிறையத் தண்ணீரோடு, விழுங்கியபின் அரை மணி நேரம் படுக்கவும் கூடாது, சாப்பிடவும் கூடாது. ரமலானில் என்ன செய்வது என்று மருந்தாளரைக் கேட்டேன். நோன்பு தொடங்கும் முன் சாப்பிடும் ஸஹருக்கு எழுந்தவுடன் போட்டுக்கொள்ளச் சொன்னார். எங்கள் வீட்டுக்காரரோ எலும்புக்கு நல்லது என்று எனக்காக நெத்திலியைத் தினமும் வறுத்து வறுத்து, பூனைக்கே சலித்துவிட்டது. மூட்டைகளைச் சின்னச் சின்னப் பொட்டலமாகப் பிரித்து வைத்தார். நான் குனிவதற்கு முன்பே எங்கிருந்தோ வந்து நிற்பார். இவர்கள் எல்லோருக்கும் நான் கடமைப்பட்டவள்.

மாதங்கள் போயின. புதிதாக எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு, தரைப் பயிற்சி தொடங்கலாம் என்றார் டாக்டர். பரீதா ஒரு மெத்தையை விரித்து, பக்கத்தில் நாற்காலி வைத்தார். நாற்காலியைப் பிடித்து ஒரு முழங்கால், பிறகு மற்றது. முதுகு பலகை மாதிரி நேராக இருக்க, இடுப்பு மட்டும் பின்னால் போக வேண்டும். வளையக் கூடாது. “பெலான், மக்சிக், பெலான்,” என்று மெதுவாகப் போகச் சொல்லிக்கொண்டே என் முதுகில் கை வைத்திருந்தார்.

நெற்றி மெத்தையில் பட்டது. அவ்வளவுதான், என்னை மறந்துவிட்டேன். பயிற்சி என்ற நினைப்பே இல்லை. வாய் தானாக ஓத ஆரம்பித்தது. கண்ணீர் மூக்கு நுனிக்கு வந்துவிட்டது.  நான் தலை நிமிர்த்திய பிறகு, பரீதா காதருகே மெல்லச் சொன்னார்.

“மக்சிக், கிப்லா அந்தப் பக்கம்.”

இருவரும் சிரித்தோம். நான் நாற்காலியைப் பிடித்து எழும்பினேன். அவர் காட்டிய மக்கா திசைக்குத் திரும்பி, மறுபடி கீழே போனேன்.

இப்போது பிற்பகல் அஸர் தொழுகை மட்டும் தரையில், மற்ற வேளைகள் நாற்காலியில்தான், சூராவிலும் வெட்கப்படாமல். காலையில் முதுகு விறைப்பாக இருக்கும், அதோடு வம்பு வைத்துக்கொள்வதில்லை. ஒவ்வொருவர் எலும்பும் வேறு, உங்கள் டாக்டரைக் கேட்காமல் என்னைப் பார்த்துச் செய்யாதீர்கள். முன்பெல்லாம் ஸஜ்தாவில் அடுப்பில் இருக்கும் கறியை நினைத்துக்கொண்டு சடக்கென்று எழுந்துவிடுவேன். இப்போது எழும்பும் வழியைப் படித்திருக்கிறேன். அதனால் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கிறேன்.