பக்க விளிம்பில் படிந்த விரல் அழுக்கு

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனால் ஒரு புத்தகத்தை எது வரைக்கும் படித்தார்கள் என்று என்னைப்போலச் சொல்ல செங்கல்பட்டு வட்டாரத்தில் அப்போது ஆள் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமை என்று எடுத்துக்கொண்டாலும் எனக்கு ஒன்றும் இல்லை.

ஸ்டேஷன் பக்கத்தில் பைண்டிங் பட்டறை வைத்திருந்தேன். பசை காய்ச்சுகிறவனாகச் சேர்ந்து, பிற்பாடு அந்தப் பட்டறையையே வாங்கினவன். தொண்ணூறுகளில் அச்சரப்பாக்கம் வரைக்கும் உள்ள நூலகங்களின் கிழிசல் புத்தகங்கள் மூட்டை மூட்டையாக என்னிடம்தான் வரும். பிரித்து, தைத்து, கடைசியில் கட்டிங் மெஷினில் ஓரத்தை ஒரு நூல் அளவு சீவினால் புத்தகம் புதிதாகிவிடும்.

சீவுவதற்கு முன் ஓரத்தைப் பார்ப்பது என் வழக்கம். மூடின புத்தகத்தைப் பக்கவாட்டில் பிடித்தால், புரட்டின விரல்களின் அழுக்கு தெரியும். கறுப்பு எங்கே நிற்கிறதோ அங்கே படிப்பும் நின்றது. சமையல் புத்தகம் என்றால் இரண்டு இடம் கறுத்திருக்கும், மற்றதெல்லாம் வெள்ளை.

ஒரு மதியம் ஒருவர் வந்தார். மாமல்லபுரம் பக்கம் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பல்லவர் காலத்துச் சிற்பிகளை வைத்துப் பெரிய நாவல் எழுதியவர். கையில் சுருட்டின காகிதம். பட்டறையில் பாரம் பாரமாக மடித்த தாள்களைத் தைக்கிற அம்மா நிமிர்ந்து பார்த்தது.

"இன்னா சார், ஜாதகமா?"

"என் நாவலோட ஜாதகம்னு வச்சுக்கோங்க. மாசாமாசம் நூலகத்துல எத்தனை பேர் எடுத்தாங்கன்னு தேதிச் சீட்டைப் பார்த்துப் போட்ட வரைபடம்."

கிராப் தாள்களை ஒட்டிச் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டிருந்தார். கோடு மலை ஏறுவதுபோல ஏறியது. நாவலின் இரண்டாம் பாகம் எழுதப்போகிறாராம். முதல் பாகத்துக்குப் போடும் காலிகோ அட்டைத் துணியின் நிறத்திலேயே அதற்கும் வேண்டும் என்று இப்போதே சொல்லிவைக்க வந்திருந்தார்.

"ஒரு கண்ணு போயிடுச்சு. இன்னொன்னு ஒரு புத்தகத்துக்குத்தான் தாங்கும்னு டாக்டர் சொல்றார். இந்தக் கோட்டை நம்பித்தான் இறங்குறேன்" என்றார்.

நூலக மூட்டையில் வந்த அவருடைய நாவல் அந்த நேரத்தில் என் மெஷினில்தான் இருந்தது. கைப்பிடியை ஒரு தடவை இறக்கினால் ஓரத்து அழுக்கெல்லாம் நாடா நாடாவாகக் கீழே விழுந்துவிடும். அவரும் நிம்மதியாகப் போயிருப்பார். ஆனால் என் பட்டறைக்கே வந்து ஒருவர் கோடு போட்டு எனக்குப் பாடம் நடத்தினால் நான் சும்மா இருக்கிறவன் இல்லை.

"சார், நீங்க ரயிலுக்கு டிக்கெட் எடுத்தவன எண்ணிக்கினு வந்துகீறீங்க. கடைசி ஸ்டேஷன் பீச் வரைக்கும் போனவன் எத்தினி பேருன்னு இந்த ஓரத்துல கீது, பாருங்க."

புத்தகத்தை வாங்கி நல்ல கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முதல் இரண்டு விரற்கடை கறுப்பு. பிறகு வெள்ளை. நடுவில் மட்டும் செருப்பு வார் கனத்துக்கு ஒரு கறுப்புப் பட்டை. அப்புறம் கடைசி வரை வெள்ளை.

"இவ்வளவுதானா?"

"பாதி வழி கூடப் போவாம பொத்தேரிலயே எறங்கிட்டாங்க சார்."

"அண்ணாத்த, வாய மூடு. அவுரு மூஞ்சியப் பாரு" என்று அந்த அம்மா அதட்டியது.

அவர் கோபப்படவில்லை. கறுப்புப் பட்டை இருந்த இடத்தில் விரலை நுழைத்துப் பிரித்தார். கல் உடைக்கிறவர்கள் மத்தியானச் சோற்றுக்கு உட்கார்ந்து மேஸ்திரியைக் கிண்டல் பண்ணுகிற அத்தியாயம்.

"கதைக்குச் சம்பந்தமில்லைன்னு இதை எடுத்துடவே இருந்தேன்."

"அந்தச் சோத்துச் சண்டையா?" என்றது தையல்கார அம்மா. "தைக்கறப்போ நானும் அத்த மட்டுந்தான் படிச்சேன்."

அவர் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டே, "இதுல நாலு தடவை நானே எடுத்தது" என்றார். புத்தகத்தை என்னிடம் கொடுத்து, "ஓரத்தைச் சீவாதீங்க. அப்படியே அட்டை போடுங்க" என்றார். என் வாழ்நாளில் சீவாமல் கொடுத்த புத்தகம் அது ஒன்றுதான். ஓரம் அழுக்காக இருக்கிறது என்று நூலகத்திலிருந்து திட்டு வந்தது.

இரண்டாம் பாகம் வரவில்லை. இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு மூட்டையில் அவர் பேர் போட்ட சின்னப் புத்தகம் ஒன்று வந்தது. மாமல்லபுரம் சாலையோரக் கொட்டகைகளில் சிலை செதுக்குகிறவர்கள் சாப்பாட்டு நேரத்தில் பேசுகிற பேச்சு, அவ்வளவுதான் அதில். சீவாமல் எடுத்து வைத்துவிட்டு, ஆள் விட்டு அவருக்குச் சொல்லி அனுப்பினேன்.

பஸ் ஏறி, ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். அந்தக் கண்ணும் போயிருந்தது. புத்தகத்தைக் கையில் கொடுத்தேன். பலபேர் புரட்டின தாள் ஓரம் துணி மாதிரி மெத்தென்று ஆகிவிடும். கட்டைவிரலால் முதலிலிருந்து மெதுவாகத் தடவிக்கொண்டே போனார்.

"எது வரைக்கும்?"

"பீச் வரைக்கும் சார்."

"இதை நான் ஒரு தடவைகூட எடுக்கலை" என்றார். இன்னொரு தரம் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். "சீவிடுங்க. மறுபடி உங்களைத் திட்டப்போறாங்க."