எது கனம்?

வெளிநாட்டில் வேலை செய்யும் நண்பன் விலையுயர்ந்த இரண்டு ஹெட்போன்களைக் கொட்டகலைக்குக் கொண்டுவந்தான். "ஒன்ன நீ வச்சுக்க, இன்னொன்ன நாளைக்குக் குடு" என்றான். அதோடு என் நிம்மதி போயிற்று.

ஒன்று கனம், மற்றது இலேசு. ஒரே பாட்டை இரண்டிலும் கேட்டேன். கனமானதில் மிருதங்கம் நெஞ்சில் வந்து விழுந்தது, ஆனால் பாடுகிறவளின் குரல் எங்கோ பின்னால் போய்விட்டது. இலேசானதில் அவள் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது, மிருதங்கம்தான் தகரம் தட்டுவது போலிருந்தது. மாற்றி மாற்றிப் போட்டதில் உச்சந்தலை வலித்ததுதான் மிச்சம். கனமானது காதை வியர்க்க வைக்கும் என்று இணையத்தில் குறை எழுதியிருந்தார்கள். எங்கள் மலைக் குளிருக்கு அது ஒரு குறையா என்றும் விளங்கவில்லை.

தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு வந்த அக்காவைப் பிடித்து உட்காரவைத்து, இரண்டையும் ஒவ்வொன்றாக மாட்டிவிட்டேன்.

"பாட்ட விடு. தலைக்கு எது சுகமா இருக்குன்னு மட்டும் சொல்லுக்கா."

அவள் யோசிக்கவே இல்லை. தலையில் இருந்த கனமானதைத் தொட்டாள்.

"இதுதான். மத்தது தலையில இருக்க மாதிரியே இல்ல. கழண்டு விழுந்துருச்சோன்னு கைய வச்சுப் பாக்க வேண்டியிருக்கு."

"இது கனக்கலயா?"

"எது கனம்?" என்று உண்மையாகவே கேட்டாள்.

எனக்கு இன்னும் குழம்பிப்போயிற்று. எரிச்சலோடு அதைக் கழற்றும்போதுதான் பார்த்தேன். முதுகுக் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டித் தாங்கும் கயிறு வருடக்கணக்காக அழுத்தி, முடி தேய்ந்துபோன இடத்தில்தான் ஹெட்போனின் பட்டை உட்கார்ந்திருந்தது.

அந்தத் தலையிடம் போய்ச் சுகத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறேன்.