வராத பஸ்ஸும் ரெக்கை பார்ட்டியும்

ஓமான் நாட்டில் சோஹார் துறைமுகத்துப் பக்கம் இருக்கும் எங்கள் கம்பெனி கேம்ப்பில் நான் ஸ்டோர் கீப்பர். போல்ட், நட்டு, கையுறை, ஹெல்மெட் எல்லாம் என் பொறுப்பு. சங்கீதம் என் பொறுப்பில் இருந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு வருடம் ஆர்மோனியம் படித்தேன். அதற்குள் வாத்தியாருக்குக் கல்யாணமாகி மாமனார் ஊருக்குப் போய்விட்டார். அந்த ஒரு வருடப் படிப்போடு குவைத் வரைக்கும் போய் மேடையில் கீபோர்டு வாசித்தேன் என்று சொன்னால் என் மனைவியே இன்னும் முழுசாக நம்புவதில்லை.

பக்கத்து ரூமில் ஒரு பிலிப்பைன்ஸ் வெல்டர் இருந்தார். வேலையை முடித்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பியபோது, லக்கேஜில் ஏறாத கீபோர்டை என் கட்டிலில் வைத்துவிட்டுப் போனார். அதில் எப்போதோ டீ கொட்டியிருந்தது. தாளத்தை மாற்றும் பட்டன் அமுங்கியபடியே ஒட்டிக்கொண்டுவிட்டது. சின்னத் திரையில் ஆங்கிலத்தில் ‘ரெகே’ என்று எழுதியிருக்கும். எந்தப் பாட்டை வாசித்தாலும் அந்த ஒரே தாளம்தான் ஓடும். நாங்கள் அதை ‘ரெக்கை’ என்று வாசித்தோம். ஏதோ பறவை சம்பந்தப்பட்ட தாளம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டோம். ஜமைக்கா என்று ஒரு நாடு இதில் சம்பந்தப்பட்டிருப்பதும், இது அங்கே பிறந்த இசை என்பதும் எங்களுக்கு மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும்.

நாங்கள் என்றால் நான்கு பேர். பாடுபவர் பட்டுக்கோட்டைக்காரர், கிரேன் ஆபரேட்டர். கிரேன் கேபினில் தனியாக உட்கார்ந்து பத்து வருடம் பாடிப் பாடிக் குரல் கனிந்திருந்தது. பேஸ் கிதார் வாசித்தவர் நாகர்கோவில் எலக்ட்ரீஷியன். யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டவர், பொய் சொல்வதற்குக் கூச்சப்படாதவர். டிரம் அடித்தவர் எங்கள் மெஸ்ஸின் சமையல்காரர், சிவகங்கைப் பக்கம். காலியான எண்ணெய் டின் இரண்டு, அலுமினியக் குண்டான் ஒன்று, இவைதான் அவருடைய வாத்தியங்கள். கேம்ப்பில் எங்களை ‘ரெக்கை பார்ட்டி’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

முதல் பிராக்டிஸில் பாட்டுக்காரர் கோபித்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

“என்னா மாப்ள இது? தாளம் தப்பான எடத்துல விழுது. நான் கால வச்சா அங்க படியே இல்ல.”

சமையல்காரர்தான் அந்த முடிச்சை அவிழ்த்தார். “அண்ணே, தோசைக்கல்லுல தண்ணி தெளிக்கிறீக. தெளிக்கையில சத்தம் வருமா? வராது. தெளிச்ச பெறகுதான் ‘சுர்’ருங்கும். நீங்க தெளிங்க, நான் ‘சுர்’ருங்கிறேன்.”

அன்று முதல் அவர் தெளித்தார், இவர் சுர் என்றார். இதைவிட எளிமையாக எவரும் ரெகேயை விளக்கி நான் கேட்டதில்லை.

கேம்ப் பொங்கல் விழாவில் அரங்கேற்றம். பிள்ளையார் பாட்டோடு தொடங்கினோம். முதல் வரியிலேயே பிள்ளையார் கடற்கரையில் சாய்ந்து படுத்து இளநீர் குடிப்பது போல ஆகிவிட்டது. கும்பிட்டபடி நின்றவர்களின் தோள்கள் மெதுவாக ஆடத் தொடங்கின. கைகள் கூப்பியபடியே இருக்க, தோள் மட்டும் ஆடியது. பீகார்க்காரரான கேம்ப் பாஸ் முன்வரிசையிலிருந்து எழுந்து வந்தார். திட்டப்போகிறார் என்று நான் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன். தாளம் மட்டும் தானாக ஓடிக்கொண்டிருந்தது.

“அரே பாய், யே க்யா ஹை?” என்றார். பிறகு ஒரு நிமிடம் நின்று கேட்டுவிட்டு, “அச்சா ஹை,” என்று ஆடியபடியே திரும்பிப் போனார்.

எங்களுக்கென்று சொந்தப் பாட்டு வந்தது பஸ் ஸ்டாப்பில். டியூட்டிக்குக் கூட்டிப்போகும் கம்பெனி பஸ் காலை ஆறு மணிக்கு வரவேண்டும். வராது. ஆறரைக்கும் வராது. ஏழு மணிக்கு வெயில் நெற்றியில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒரு நாள் யாரோ சூப்பர்வைசருக்குப் போன் போட்டு, “பஸ் மாஃபி?” என்று கேட்டார். மாஃபி என்றால் இல்லை. வளைகுடாவில் கால் வைத்த அன்றே எல்லோருக்கும் ஒட்டிக்கொள்ளும் வார்த்தை. பாட்டுக்காரர் அதை அப்படியே பிடித்துக்கொண்டார்.

மாஃபி பஸ்ஸு, மாஃபி பஸ்ஸு,
வெயிலு மட்டும் வந்தாச்சு.
டிபன் டப்பா காத்திருக்கு,
இட்லி மறுபடி வெந்தாச்சு.

பஸ் வருவதற்குள் மூன்று சரணம் தயார். அவ்வளவு லேட்.

ரெக்கார்டிங் லாண்டரி ரூமில் நடந்தது. ஈரத்துணி தொங்கும் இடத்தில் எதிரொலி இருக்காது என்று எலக்ட்ரீஷியன் சொன்னார். உண்மைக் காரணம், வேறு எங்கே வாசித்தாலும் ஷிப்ட் முடிந்து தூங்குபவர்கள் செருப்பை வீசினார்கள். அங்கே ஒரு பழைய வாஷிங் மெஷின் யாருடைய துணியையோ சுற்றிக்கொண்டிருந்தது. அதன் பேரிங் தேய்ந்துபோயிருந்தது. ‘கடகட, கடகட’ என்று அது போட்ட சத்தம் எங்கள் பாட்டுக்குள் சரியாக வந்து உட்கார்ந்துவிட்டது. போனில் பதிவு செய்து ஸ்டேட்டஸில் போட்டோம்.

மூன்றே நாளில் அது எங்களுக்கே திரும்பி வந்தது. சவுதியில் ஜுபைலிலிருந்து என் மச்சான் அனுப்பினான். “மாமா, எங்க கேம்ப்ல எவனோ எங்க பஸ்ஸப் பத்திப் பாட்டுப் போட்டிருக்கான், கேளுங்க.” துபாயிலும் தோஹாவிலும் அவரவர் கேம்ப் பஸ்ஸைப் பற்றிய பாட்டு என்றே எல்லோரும் நம்பினார்கள். வளைகுடா முழுக்க ஒரே ஒரு பஸ்தான் இருக்கிறது, அது எங்கேயுமே போய்ச் சேரவில்லை என்று தோன்றியது. பள்ளிக்கூட வேனுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள்கூட இங்கிலீஷ் நாக்கில் பாடினார்கள்.

ஒரு வானொலியிலிருந்து பேட்டிக்குக் கூப்பிட்டார்கள். போனில்தான். அறிவிப்பாளர் பெண் கேட்டார், “அந்தக் கடகடன்னு ஒரு சவுண்ட் வருதே, அது என்ன இன்ஸ்ட்ருமென்ட்?”

நான் வாயைத் திறப்பதற்குள் எலக்ட்ரீஷியன் போனை வாங்கிவிட்டார். “அது ஆப்பிரிக்காக்காரங்க வாத்தியம் பாத்துக்கிடுங்க. வாசிக்கது ரொம்பக் கஷ்டம். நம்ம கைல ஒரு பீஸ்தான் இருக்கு.”

இந்தப் பொய்க்கு நாங்கள் ஃபஹாஹீலில் பதில் சொல்ல வேண்டியிருந்தது. குவைத்தில் இருக்கும் அந்த ஊரின் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து கலைவிழா நடத்தினார்கள். விசா, டிக்கெட் எல்லாம் அனுப்பி எங்களைக் கூப்பிட்டார்கள். கேம்ப் பாஸ் நான்கு நாள் லீவு கொடுத்து, ஏர்போர்ட்டுக்கு அதே பஸ்ஸை அனுப்புவதாகச் சொன்னார். நாங்கள் டாக்சி பிடித்துக்கொண்டோம்.

ஏற்பாட்டாளர் வங்கியில் பெரிய வேலையில் இருப்பவர். மாலை நிகழ்ச்சிக்கு மத்தியானமே வந்து, “சார், அந்த ஆப்பிரிக்கா வாத்தியம் எங்க? நோட்டீஸ்லயே போட்டிருக்கோம்,” என்றார்.

நாங்கள் மூவரும் எலக்ட்ரீஷியனைப் பார்த்தோம். அவர் கொஞ்சமும் அசரவில்லை. “ஓய், உங்க வீட்டுல வாஷிங் மெஷின் உண்டா?” என்றார்.

அந்த நல்ல மனிதர் எல்லாவற்றையும் கேட்டு, ஐந்து நிமிடம் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்து, பிறகு வீட்டிலிருந்து மெஷினைத் தூக்கிவரச் செய்தார். உள்ளே அவர் மனைவி ஊறப்போட்ட துணிகள் இருந்தன. அந்த அம்மாள் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. கணவரை மட்டும் பார்த்தார். மேடையில் பேனருக்குப் பின்னால் மெஷினை மறைத்து வைத்து, பக்கத்தில் ஒரு மைக் கட்டினோம்.

எங்கள் பாட்டுக்காரருக்கு அன்று இன்னொரு சிக்கல். அவருக்கு நின்றுகொண்டு பாட வராது. கேபினில் உட்கார்ந்தே பாடிப் பழகியவர். நாற்காலி போட்டோம். உட்கார்ந்ததும் கண்ணை மூடி, இரண்டு கைகளாலும் இல்லாத லீவர்களை இழுத்தபடி பாட ஆரம்பித்தார். ஆபரேட்டர் ஆவதற்கு முன்னால் கீழே நின்று சிக்னல் கொடுத்தவர் அவர். அதனால் சரணம் முடியும் இடமெல்லாம் ஆள்காட்டி விரலை மேலே நீட்டிச் சுற்றுவார்: ‘தூக்கு’. கட்டைவிரலைக் கீழே காட்டுவார்: ‘இறக்கு’. முஷ்டியை மடக்குவார்: ‘நிறுத்து’. அது நடனம் என்று சபை நினைத்தது. மூன்றாவது பாட்டில் மண்டபம் முழுக்க, பட்டுப்புடவைகளும் கோட்டுகளும் சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத பாரத்தைத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் மெஷின் துணி பிழியும் கட்டத்துக்கு வந்தது. துணியெல்லாம் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்க வேண்டும். அது குதிக்க ஆரம்பித்தது. குதித்துக் குதித்துப் பேனரைத் தள்ளிக்கொண்டு மேடை நடுவுக்கு நடந்து வந்து, பாட்டுக்காரருக்குப் பக்கத்தில் நின்று உடம்பை உலுக்கியது. தாளத்திலிருந்து துளியும் பிசகவில்லை. சபை எழுந்து நின்று கைதட்டியது. அதன் பிளக் பிடுங்கிக்கொண்டு சத்தம் நின்றபோது, “ஒன்ஸ் மோர்!” என்று கத்தினார்கள். நாங்கள் நான்கு பேர் வாசித்ததற்கு அன்று யாரும் ஒன்ஸ் மோர் கேட்கவில்லை என்பதையும் உண்மைக்காக எழுதிவைக்கிறேன்.

கிரேன் ஆட்டம் ரீல்ஸில் பரவியது. எங்கள் சைட்டிலும் ஆடினார்கள். ஒரு நாள் பிளம்பர் ஒருவர் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு, நடந்துகொண்டே விரலை மேலே சுற்றினார். பக்கத்தில் நின்ற வேறொரு கிரேனின் ஆபரேட்டர் அதைத் தனக்கான சிக்னல் என்று நினைத்துக் காலி தண்ணீர்த் தொட்டியைத் தூக்கிவிட்டார். பிளம்பர் இறக்கும் கட்டத்துக்கு ஆடினார், தொட்டி இறங்கியது. மறுபடி தூக்கினார், தொட்டியும் ஏறியது. யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் தொட்டி அந்தரத்தில் ஒரு சரணம் முழுக்க ஆடியதைச் சேஃப்டி ஆபீசர் பார்த்துவிட்டார்.

மறுநாள் காலைக் கூட்டத்தில் அவர், “இந்தப் பாட்டுக்கு சைட்ல தடை. எந்தப் பாட்டுன்னு தெரியாம யாரும் இருக்கக் கூடாது,” என்று ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினார். அத்தனை தோள்களும் ஆடின. அவருடைய தோளும்தான்.

இதற்குப் பிறகுதான் சென்னையிலிருந்து பாட்டுக் கம்பெனிக்காரர் ஒருவர் வீடியோ காலில் வந்தார். பாட்டை வாங்கிக்கொள்வதாகவும், நாடே பாடும்படி செய்யப்போவதாகவும் சொன்னார். ஒரே ஒரு சின்ன மாற்றம்.

“பஸ் வேண்டாங்க. யூத்துக்குப் பிடிக்காது. அதே எடத்துல ‘கிஸ்’னு போட்டுக்கலாம்.”

பாட்டுக்காரர் போன் பக்கம் குனிந்தார். “ஏங்க, கிஸ்ஸு ஆறு மணிக்கு வரவேண்டியது இல்லீங்களே?” என்றார்.

கடைசியில் சம்மதித்துவிட்டோம். நாடு பாடும் என்றால் யாருக்குத்தான் ஆசை இல்லை? புதுக் குரல் பாடியது. எங்கள் பெயரைக் கடைசியில் சின்ன எழுத்தில் போட்டார்கள். வாஷிங் மெஷினை எடுத்துவிட்டு ஏதோ கம்ப்யூட்டர் சத்தம் வைத்தார்கள். ‘மாஃபி கிஸ்ஸு, மாஃபி கிஸ்ஸு, மனசு மட்டும் நொந்தாச்சு’ என்று கல்யாண வீடுகளிலும், டவுன் பஸ்களிலும், காதுகுத்திலும் ஓடியது. மாஃபி என்றால் என்ன என்று தெரியாதவர்களும் பாடினார்கள். அது கதாநாயகியின் பெயர் என்று சிலர் நினைத்தார்களாம்.

பட்டுக்கோட்டையிலிருந்து பாட்டுக்காரரின் மனைவி போன் செய்தார். ஸ்பீக்கரில் இருந்தது, அதனால் நாங்களும் கேட்டோம்.

“பாட்டு நீங்க எழுதுனதாமே?”

“ஆமா புள்ள.”

“கிஸ்ஸு இல்லேன்னு அங்க யாருகிட்டப் போயி பொலம்புறீங்க?”

“அய்யோ, அது பஸ்ஸு புள்ள! கம்பெனி பஸ்ஸு!”

“பஸ்ஸுக்கா மனசு நொந்தாச்சு?”

எண்ணெய் டின்னில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்த சமையல்காரருக்கு இரண்டு நாள் முதுகுப் பிடிப்பு. பாட்டுக்காரர் தன் பேச்சை நம்பவைக்க, மறுநாள் காலை பஸ் ஸ்டாப்பிலிருந்து வீடியோ கால் போட்டார். பஸ் வராததை மனைவி நேரில் பார்க்கட்டும் என்று. அன்றைக்கென்று பஸ் சரியாக ஆறு மணிக்கு வந்து நின்றது.

காரணம் இருந்தது. எங்கள் பாட்டைக் கேட்ட பெரிய மேனேஜர் வெட்கப்பட்டுப் புது பஸ் வாங்கிவிட்டார். ஏசி வேலை செய்தது. டிரைவர் ஐந்து நிமிடம் முன்னதாகவே வந்து ஹாரன் அடித்து, “யல்லா, யல்லா!” என்று விரட்டுவார். கேம்ப்பில் எல்லோருக்கும் சந்தோஷம். எங்களுக்கு மட்டும் தொழில் போயிற்று. வரும் பஸ்ஸைப் பற்றி என்ன பாடுவது?

அடுத்த பாட்டு கேட்டுச் சென்னையிலிருந்து நெருக்கினார்கள். ரூமில் ஏசி ரிமோட் யார் கையில் இருப்பது என்ற தகராறைப் பற்றி ஒன்று போட்டோம். கேட்டவர்கள் பாட்டை மறந்துவிட்டு அவரவர் ரூமில் சண்டை போட்டுக்கொண்டார்கள். மெஸ் சாம்பாரைப் பற்றி நான் ஒன்று எழுதினேன். சமையல்காரர் முதல் வரியைக் கேட்டதும் கரண்டியைக் கீழே வைத்தார்.

“அண்ணே, இந்தப் பாட்டுக்கு நான் சுர்ருங்க மாட்டேன்.”

ஒரு வாரம் என் தட்டில் சாம்பார் விழவே இல்லை. ரசம்தான். மன்னிப்புக் கேட்டேன்.

பெரிய சண்டை எதுவும் போட்டு நாங்கள் பிரியவில்லை. பாட்டுக்காரருக்கு ஜுபைலில் பெரிய கிரேன் கிடைத்தது. எலக்ட்ரீஷியன் குவைத்துக்குப் போனார்; ஃபஹாஹீல் ஏற்பாட்டாளர் வீட்டு வாஷிங் மெஷினை ரிப்பேர் செய்து கொடுத்துவிட்டு அவர் மூலமாகவே வேலை வாங்கிக்கொண்டார். நானும் சமையல்காரரும் இங்கேயே இருக்கிறோம். வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் வாசிப்போம். யாராவது செருப்பை வீசினால் நிறுத்திக்கொள்வோம்.

போன மாதம் பாட்டுக்காரர் லீவில் ஊருக்குப் போயிருந்தார். ஒரு சொந்தக்காரர் கல்யாணம். மேடையில் கச்சேரிக் குழு கிஸ்ஸுப் பாட்டைத் தொடங்கியதும் இவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. மேலே ஏறி, மைக்கை வாங்கி, எழுதியபடியே ‘பஸ்ஸு’ என்று பாடியிருக்கிறார். பொடிப்பிள்ளைகளிலிருந்து கிழவர்கள் வரை கத்தினார்களாம்: “யோவ் பெரியவரே, பாட்டுத் தெரியாட்டி எறங்குய்யா!” மாப்பிள்ளையின் சித்தப்பா வந்து மரியாதையாகக் கையைப் பிடித்துக் கீழே இறக்கி, பந்தியில் உட்கார வைத்துவிட்டார்.

வருத்தப்பட்டிருப்பார் என்று நினைத்து, “மனசு கஷ்டமா இருந்துச்சாண்ணே?” என்று போனில் கேட்டேன்.

“அதெல்லாம் இல்ல மாப்ள,” என்றார். “நல்ல எடமாப் பாத்துத்தான் உக்கார வச்சான். வத்தக்கொழம்பு ரெண்டு தடவ வாங்குனேன்.”