பழைய ரவிக்கையின் அளவு

நான் இளைக்க ஆரம்பித்தபோது ஊரில் ஒருவர்கூட நன்றாயிருக்கிறாய் என்று சொல்லவில்லை. காசமா என்றார்கள், சர்க்கரையா என்றார்கள், புருஷன் வீட்டில் சோறு போடுவதில்லையா என்று என் காதுபடவே கேட்டார்கள். எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. கோபாலபுரத்துக்குத் தெற்கே, பாலக்காட்டின் கிழக்குக் கோடியில், கடலைக்காடும் கொஞ்சம் நெல்வயலும் உள்ள குடும்பத்தில் நான் மூத்த மருமகள். நிலம் நீச்சு உள்ள வீட்டுப் பெண் வாசற்படியில் நின்றால் கதவு நிறைந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். அந்த விஷயத்தில் நான் யாரையும் ஏமாற்றியதில்லை.

எங்கள் அம்மாவும் அப்படித்தான். அவளை உரித்து வைத்த மாதிரி நான் இருப்பதாகச் சொல்வார்கள். சின்ன வயதில் அதைக் கேட்டால் எனக்குப் பெருமையாக இருக்கும். மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போன அம்மா கட்டுத்தறியில் விழுந்து கிடந்ததை முதலில் பார்த்தவள் நான். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள், எனக்குப் புரியவில்லை. இன்னொரு தரம் சொல்லு என்று கேட்டேன், அவள் சொல்லவில்லை. அதன் பிறகு உரித்து வைத்த மாதிரி என்று யாராவது சொன்னால் நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

படி ஏறினால் காதுக்குள் திம்திம் என்று அடிக்கத் தொடங்கியதும் பொள்ளாச்சி டாக்டரிடம் போனேன். பிரஷர் பார்க்கிற பட்டை என் கையைச் சுற்றி வரவில்லை. பெரிய பட்டை ஒன்றை எங்கிருந்தோ தேடி எடுத்து வந்து பார்த்தார். அம்மா எத்தனை வயதில் போனார் என்று கேட்டார், சொன்னேன். எனக்கு என்ன வயது என்றார், சொன்னேன். இரண்டையும் சீட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதினார், அதிக வித்தியாசம் இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. அரிசியைக் குறை, உப்பைக் குறை, தினம் விடியற்காலை வேர்க்க வேர்க்க நட என்பதுதான் வைத்தியம். என் மகள் அப்போது பள்ளிக்கூடத்தில் முதல் வகுப்பு. அவள் ஒருநாள் கட்டுத்தறிக்கு வந்து என்னை அப்படிப் பார்க்கக்கூடாது, எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அரிசியை விடுவது எவ்வளவு கஷ்டம் என்று விட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ராகிக் களியும் கொள்ளு ரசமும் தின்றேன். வீட்டில் சோறு வடிக்கிற நேரத்தில் கொல்லைப்பக்கம் போய் நின்றுகொள்வேன். ஒரு கல்யாணப் பந்தியில் என் இலையில் விழுந்த சோற்றைத் தொடாமல் எழுந்தபோது அழுகையே வந்துவிட்டது. பண்ணைக்காரி களி தின்கிறாளே என்று வேலைக்கு வரும் பெண்கள்கூடச் சிரித்தார்கள். சிரிக்கட்டும், விழப்போவது அவர்களா என்று நினைத்துக்கொள்வேன். ஆத்திரம் எனக்கு நல்ல துணையாக இருந்தது.

நடப்பதுதான் பெரிய பாடு. எங்கள் பக்கத்தில் ஒரு பெண் வேலையில்லாமல் வெறுங்கையோடு ரோட்டில் நடந்தால் புத்தி பேதலித்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஆகவே மாரியம்மன் கோயிலுக்கு வேண்டுதல் என்று ஒரு பொய்யைச் சொன்னேன். கோயில் தமிழ்நாட்டுப் பக்கம் இருந்தது. எங்கள் ஊரிலிருந்து ஒரு வண்டிப்பாதை நேராக அங்கே போகும். அம்மன் பேரில் பொய் வேண்டுதல் சொன்னோமே, அவள் நிஜமாகவே ஏதாவது கேட்டுவிடுவாளோ என்று உள்ளுக்குள் உறுத்தல் இருந்துகொண்டே இருந்தது.

அந்தப் பாதையின் நடுவில் ஒரு மூங்கில் தடுப்பு இருந்தது. அந்தக் காலத்தில் கிழக்கே அரிசி கிடைக்கும், எங்கள் பக்கம் கிடைக்காது. அங்கிருந்து இங்கே கொண்டு வரக்கூடாது என்று சட்டம். பெண்கள் துணிப்பையில் அரிசியைக் கொட்டி இடுப்பிலும் வயிற்றிலும் சுற்றிக் கட்டிக்கொண்டு வருவார்கள். அவர்களைப் பிடிக்கத்தான் அந்த மூங்கில். காவலுக்கு ஒரு ஆள், மூட்டையில் குத்தி அரிசி எடுத்துப் பார்க்கிற குத்தூசியைக் கையில் சுழற்றிக்கொண்டே நிற்பான். பெண்களைத் தடவிப் பார்க்க ஒரு பெண்ணைக் கூலிக்கு வைத்திருந்தார்கள். வற்றலான ஆள், பேச்சு ரொம்பக் குறைவு.

முதல் நாள் கோயிலிலிருந்து திரும்பும்போது என் உடம்பைப் பார்த்ததும் அவர்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அவள் என்னை ஓலைத் தட்டிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள். இடுப்பை அழுத்தினாள், வயிற்றை அழுத்தினாள், மாரின் கீழே கையை விட்டுப் பார்த்தாள். "சதைதாங்க," என்று வெளியே குரல் கொடுத்தாள். ஆண்கள் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து குளித்தேன், திரும்பவும் குளித்தேன். மறுநாள் போகவே கூடாது என்று நினைத்தேன். ஆனால் போனேன். அம்மாவின் வாய் இழுத்திருந்தது கண்ணுக்குள் நின்றது.

ஒருநாள் எனக்கு முன்னால் வந்த ஒரு பெண்ணைக் காவல்காரன் நிறுத்தினான். தட்டிக்குப் பின்னால் அனுப்பக்கூட இல்லை. புடவைக்கு மேலாகவே இடுப்பில் குத்தூசியை வைத்து லேசாக அழுத்தினான். அரிசி மெல்லிய சத்தத்தோடு ரோட்டில் கொட்ட ஆரம்பித்தது. அவள் அசையவில்லை. கொட்டி முடிகிற வரைக்கும் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அவள் மெதுவாக மெலிந்துகொண்டே வந்தாள். பிறகு அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள்.

என்னைச் சோதிப்பதைச் சில வாரத்தில் விட்டுவிட்டார்கள். தினம் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய், கோயிலுக்குப் போகிற குண்டம்மா, அது சதைதான், விடு என்று காவல்காரன் கையைக் காட்டிவிடுவான். அந்தக் கை என்மேல் படாமல் வீடு திரும்புகிற நாளெல்லாம் எனக்குத் திருநாள்தான்.

சித்திரை முடிகிறபோது கண்ணாடி வளையல் முழங்கை வரை தானாக ஓடியது. படி ஏறினால் காதில் சத்தம் இல்லை. டாக்டர் சிரித்தார், அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். இன்னும் இறங்க வேண்டும், நடையை மட்டும் நிறுத்திவிடாதே என்று சொல்லி அனுப்பினார். ஆனாலும் பழைய ரவிக்கைகளையே தொளதொளவென்று போட்டுக்கொண்டு முந்தானையை இழுத்துப் போர்த்தி நடந்தேன். முகம் வாடியதற்கே ஊர் அத்தனை கேட்கிறது, புது ரவிக்கை தைத்தால் எவ்வளவு இளைத்தாய் என்று தெரிந்துவிடும், தெரிந்தால் குடும்பத்துக்குக் கேவலம் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். அதனால் மூங்கிலடியில் நான் இன்னும் குண்டம்மாதான். ஆனால் அந்த வற்றல் பெண் மட்டும் ஒருநாள் என்னை ஏற இறங்கப் பார்த்து, "எறங்கிட்டு வருதுங்க அம்மிணி," என்றாள். நான் முந்தானையை இன்னும் இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

அந்த வருஷம் ஆழியாற்றுத் தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வரவில்லை. நாற்றங்கால் வெடித்துக் கிடந்தது. நெல் விற்ற குடும்பம் ரேஷன் கடை வரிசையில் நின்றது. என் வீட்டுக்காரர் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். கொழுந்தன் பொள்ளாச்சிக்கும் ஊருக்கும் சைக்கிளில் அலைந்துகொண்டிருந்தார். அவர் திடீரென்று என்னிடம் அக்கறையாகப் பேச ஆரம்பித்தார். உங்களை இப்போதெல்லாம் சோதிப்பதே இல்லையாமே அண்ணி என்று கேட்டார். ஆமாம் தம்பி, எல்லாம் அம்மன் புண்ணியம் என்றேன்.

பிறகு கொடியில் காயப்போட்ட என் பழைய ரவிக்கை ஒன்றைக் காணவில்லை. காற்றில் போயிருக்கும் என்று விட்டுவிட்டேன். சில நாள் கழித்து அது மடித்து என் பெட்டியின் மேல் இருந்தது. பிரித்துப் பார்த்தால் மாரளவிலும் இடுப்பளவிலும் தையற்காரர் சாக்பீஸ் கோடு. என் புத்தியைப் பாருங்கள், சந்தோஷப்பட்டேன். வீட்டுக்காரர் எனக்குத் தெரியாமல் புது ரவிக்கை தைக்கக் கொடுத்திருக்கிறார், நான் பட்ட பாட்டை ஒரு ஆளாவது கவனித்திருக்கிறார் என்று நினைத்தேன். புது ரவிக்கைக்குப் பழைய அளவு எதற்கு என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கொழுந்தன் பொள்ளாச்சியிலிருந்து தைத்துக் கொண்டுவந்தது ரவிக்கை இல்லை. காடாத் துணியில் கழுத்திலிருந்து தொடை வரைக்கும் ஒரு உடுப்பு. இரண்டு அடுக்குத் துணி, நடுவில் வரிவரியாகத் தைத்த அறைகள். நிரப்பினால் அரிசி கீழே இறங்கித் தொங்காமல் அங்கங்கே நிற்கும். என் பழைய மாருக்கும் பழைய வயிற்றுக்கும் பழைய இடுப்புக்கும் கச்சிதமாக இடம் விட்டிருந்தது. நான் மாதக்கணக்கில் பட்டினி கிடந்து காலி செய்த இடத்தை அளந்து அதில் அரிசி போடப் பார்த்திருக்கிறார்கள்.

போட்டுத்தான் பார்க்கட்டுமே என்று வீட்டுக்காரர் சொன்னார். வீட்டில் அரிசி இல்லாததால் என்னுடைய ராகியையே அள்ளி நிரப்பினார்கள். கொழுந்தன் வெளியே நின்றார். வீட்டுக்காரர் முதுகுப் பக்கத்து நாடாக்களை இழுத்துக் கட்டினார். மேலே பழைய ரவிக்கையைப் போட்டேன், புடவையைச் சுற்றினேன். நிறைந்துவிட்டது, ஒரு சுருக்கம் இல்லை. நடந்து பார் என்றார். வாசலைக் கடந்து சமையற்கட்டுப் படி ஏறினேன். காதுக்குள் திம்திம் என்று அடித்தது. அதை நான் விரட்டிவிட்டதாக நினைத்திருந்தேன். நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். அவர் முகம் அவ்வளவு தெளிந்து நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

"இப்பத்தான் நம்மூட்டு ஆளாட்ட இருக்கறே," என்றார்.

பள்ளிக்கூடம் விட்டு வந்த மகளும் ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அம்மாவுக்கு உடம்பு சரியாகிவிட்டது என்று அவளுக்குச் சந்தோஷம். அவளை விலக்க எனக்கு மனசு வரவில்லை.

அன்று நான் கத்தினேன், அழுதேன். அந்தத் தடவுகிற பெண்ணுக்குத் தெரியும், அவள் கைக்கு என் உடம்பு மனப்பாடம் என்றேன். அவள் கை வைத்து மாதக்கணக்காகிறது, ஆடிக் காற்று புடவையை ஒட்டவைத்து இளைத்ததைக் காட்டிக் கொடுப்பதற்குள் ஆரம்பித்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது என்று கொழுந்தன் கணக்குச் சொன்னார். முதலில் வீட்டுச் சோற்றுக்கு, பிறகு மிச்சம் இருந்தால் விற்கலாம் என்றார். என்னைப் பிடித்தால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. பிடிக்காவிட்டால் நான் என்ன ஆவேன் என்பது அவர் நினைப்பிலேயே இல்லை. தினம் அந்தப் பாரத்தோடு நடந்தால் கட்டுத்தறிக்கு எத்தனை தூரம் என்று எனக்கு மட்டும் தெரிந்தது. நாளைக்கே என்று முடிவு செய்தார்கள். கோயிலுக்குப் பக்கத்துத் தோட்டத்தில், சாளை என்கிற காவல் குடிசையில் கொழுந்தன் அரிசியோடும் உடுப்போடும் காத்திருப்பார். நான் அங்கே போய்க் கட்டிக்கொண்டு திரும்ப வேண்டும்.

மத்தியானமே சாக்பீஸ் கோடு போட்ட அந்த ரவிக்கையை எடுத்துப் பக்கத் தையலைப் பிரித்தேன். என் உடம்போடு ஒட்டுகிற மாதிரி பிடித்துக் கையாலேயே தைத்தேன். மூங்கிலடியில் இருப்பவர்களை நான் இளைத்ததைப் பார்க்க வைத்துவிட்டால் போதும், அதன் பிறகு அந்த உடுப்பு உதவாது. அதற்கு ஒரே வழி, எதிலிருந்து தப்பியதற்காக அத்தனை நாளும் சந்தோஷப்பட்டேனோ அதையே கேட்டு வாங்குவது. நினைத்தாலே உடம்பு கூசியது.

காலையில் முந்தானையைப் போர்த்திக்கொண்டு போனேன். கோயிலைச் சுற்றினேன். பொய் சொன்னதற்கு அம்மனிடம் மன்னிப்புக் கேட்டேன், சாளைப் பக்கம் திரும்பாமல் நடந்தேன். கொழுந்தன் வேலியோரம் வந்து நின்று பார்த்தார். கூப்பிடவில்லை. அவர் கண் என் முதுகில் இருந்தது மூங்கில் வரும்வரை தெரிந்தது.

மேற்கேயிருந்து கணவாய்க் காற்று எதிரே அடித்தது. காவல்காரன் வழக்கம்போலக் குத்தூசியை ஆட்டிப் போகச் சொன்னான். நான் போகவில்லை. போர்த்தியிருந்த முந்தானையை எடுத்து இடுப்பில் செருகினேன். காற்று புடவையை உடம்போடு ஒட்டவைத்தது. காவல்காரனின் கை நின்றுவிட்டது. தட்டிக்குள் இருந்த அந்தப் பெண்ணைப் பார்த்து, "என்னையச் சோதிச்சுப் போட்டு உடுங்க," என்றேன்.

அவள் வந்தாள். தட்டிக்குப் பின்னால் போகலாம் என்றாள். வேண்டாம், இங்கேயே பாருங்கள் என்று கையைத் தூக்கினேன். இடுப்பை அழுத்தினாள், வயிற்றை அழுத்தினாள், விலா எலும்பில் அவள் விரல் நின்றது. என் முகத்தைப் பார்த்தாள், பிறகு எனக்குப் பின்னால், தூரத்தில் வேலியோரம் நின்ற ஆளைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். காவல்காரனிடம் திரும்பினாள்.

"இந்த அம்மிணி பாதியாயிட்டாங்க. இனி ஒரு சுத்து ஏறி வந்தாலும் நிறுத்திப்போடுங்க. தெனமும் நான் பாக்கறேன்."

அவள் எனக்காகச் சொன்னாளா, தன் வேலைக்காகச் சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவள் முகத்தில் ஒன்றும் இல்லை.

வீட்டில் யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். கொழுந்தன் அந்த உடுப்பைக் கொண்டுவந்து தானிய அறையில் ஆணியில் மாட்டினார். அடி அறைகளில் கொஞ்சம் ராகி தங்கியிருந்ததால் அது சப்பையாகாமல் வயிறும் இடுப்புமாகவே தொங்கியது. களிக்கு மாவெடுக்கப் போகும்போதெல்லாம் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். எடுத்து எரிக்கலாமே என்று கேட்டேன். இருக்கட்டும், என்றைக்காவது வேண்டியிருக்கும் என்றார் வீட்டுக்காரர்.

மழை, வெயில் பார்க்காமல் நான் நடந்தேன். தினம் மூங்கிலடியில் நின்று கையைத் தூக்கினேன். முதல் நாள் என்னைத் திரும்பத் திரும்பக் குளிக்கவைத்த அந்தக் கை படாவிட்டால் எனக்கு வீட்டுக்குப் போகவே பயமாக இருந்தது.

சில வருஷம் கழித்து அரிசிக்கு இருந்த தடை போனது. மூங்கிலைப் பிடுங்கிப் போட்டார்கள், காவல்காரனும் அவளும் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை. ஊரே சந்தோஷப்பட்டது. அடுத்த நாள் காலை கோயிலிலிருந்து திரும்பியவள், அந்த வெற்று இடத்தில் நின்று, யாரும் இல்லாத ரோட்டில் கையைத் தூக்கினேன். காற்றுதான் பட்டது. இனி நான் ஒரு சுற்று ஏறினால் நிறுத்தச் சொல்ல ஆளில்லை. வீட்டில் அந்த உடுப்பு ஆணியில் என் பழைய அளவில் அப்படியேதான் தொங்கிக்கொண்டிருந்தது.